‘ராயல் ஓக்’: ஒரே ஒரு மரம் நூற்றுக்கணக்கான பப்புகளுக்குப் பெயர் தந்த விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் ‘ராயல் ஓக்’ என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். அந்நாட்டுப் பப் (பீர் விற்கும் மதுக்கடை) பெயர்களில் ‘ரெட் லயன்’, ‘கிரவுன்’ ஆகியவற்றோடு முன்வரிசையில் நிற்பது இது. வாசலில் ஓக் மரம் இருக்கிறதோ இல்லையோ, பெயர் இருக்கும். அதைப் பற்றிப் பலரும் கேட்பவற்றுக்கான விடைகள் இவை.

எந்த மரம் அது? எங்கே நின்றது?

ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஸ்டாஃபோர்ட்ஷயர் எல்லையை ஒட்டி, பாஸ்கோபெல் என்ற வீட்டுக்குப் பக்கத்தில். கத்தோலிக்கரான கிஃபர்ட் குடும்பத்தின் வேட்டை விடுதி அது; 1632 வாக்கில் கட்டப்பட்டது. கத்தோலிக்கப் பாதிரியார்கள் தலைமறைவாகத் திரிந்த காலம் என்பதால் வீட்டுக்குள் ஒளிவறைகளும் இருந்தன. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வெட்டவெளியில் நின்ற ஒரு ஓக். அதற்கு முன்பு அந்த மரத்துக்குத் தனிப் பெயர் ஏதும் கிடையாது. ‘ராயல்’ என்ற அடைமொழி, 1651 செப்டம்பர் 6, சனிக்கிழமை ஒரே பகலில் சம்பாதித்தது.

அரசர் ஏன் மரத்தில் ஏறினார்?

உள்நாட்டுப் போரில் வென்ற நாடாளுமன்றத் தரப்பு, அரசர் முதலாம் சார்லஸின் தலையை 1649 ஜனவரியில் வெட்டியது. மகன் இரண்டாம் சார்லஸை ஸ்காட்லாந்துக்காரர்கள் 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோனில் முடிசூட்டினார்கள். அவர் படையோடு தெற்கே இறங்கி, செப்டம்பர் 3 அன்று வூஸ்டரில் நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லிடம் தோற்றார். வயது 21. இரவோடிரவாக வடக்கே ஓடி, மறுநாள் விடியற்காலையில் பாஸ்கோபெலிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த ஒயிட் லேடீஸ் என்ற பழைய கன்னிமாடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவரைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர்கள் பெண்டரல் சகோதரர்கள் ஐந்து பேர்: வில்லியம், ஹம்ப்ரி, ரிச்சர்ட், ஜான், ஜார்ஜ். பெரிய மனிதர்கள் அல்ல. அந்தப் பண்ணையிலும் காட்டிலும் வேலை செய்து பிழைத்தவர்கள். அரசரின் நீண்ட முடியைக் கத்தரித்து, முகத்தில் கரி பூசி, மரவெட்டியின் உடுப்பை மாட்டிவிட்டார்கள். உடுப்பு ஒருவாறு பொருந்தியது, செருப்புதான் பொருந்தவில்லை. ஆறடிக்கு மேல் உயரமான ஆளுக்கு அந்த ஊரில் யாருடைய செருப்பு சேரும்? கால் கொப்புளித்துப் போனது.

செப்டம்பர் 4 பகல் முழுவதும் மழையில் காட்டுக்குள். அன்றிரவு ரிச்சர்டோடு செவெர்ன் ஆற்றைக் கடந்து வேல்ஸுக்குப் போகும் திட்டம். மேட்லி வரை நடந்துபோனபோது, ஆற்றுத் துறைகளிலெல்லாம் காவல் போட்டிருப்பது தெரிந்தது. மறுநாள் பகலை ஒரு தானியக் கொட்டகையில் கழித்துவிட்டு, இரவில் வந்த வழியே திரும்பி 6ஆம் தேதி விடியும் முன் பாஸ்கோபெலுக்கு வந்தார்கள். அங்கே, வூஸ்டரில் போரிட்டுத் தப்பிய கர்னல் வில்லியம் கேர்லெஸ் ஏற்கெனவே ஒளிந்திருந்தார். பகலில் வீட்டில் இருந்தால் சோதனையில் அகப்படலாம், காட்டுக்குள் இருந்தாலும் வீரர்கள் புதர் புதராகத் தேடுவார்கள் என்பது அவர் கணக்கு. வெட்டவெளியில் நிற்கும் ஒற்றை மரத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. மேலேயிருந்து பார்த்தால் நான்கு திசையும் தெரியும். கர்னலும் அரசரும் ஏறினார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, வீரியம் குறைந்த பீர் இவ்வளவுதான் அன்றைய சாப்பாடு. வீரர்கள் காட்டுக்குள் தேடித் திரிவதையும் அவ்வப்போது ஓரத்தில் தலைகாட்டுவதையும் மேலேயிருந்தே பார்த்தார்கள். களைத்துப்போன அரசர் கர்னல்மேல் தலைசாய்த்துத் தூங்கினார். இருட்டிய பிறகு இறங்கி வந்து, அந்த இரவை வீட்டின் ஒளிவறையில் முடங்கிக் கழித்தார்.

ஒரு மரத்தில் இரண்டு ஆட்கள் ஒரு பகல் முழுவதும் கண்ணில் படாமல் இருக்க முடியுமா?

சாதாரண ஓக்கில் கடினம். உயர்ந்த ஓக்கின் உட்பகுதி வெறும் கிளைகளாகத்தான் இருக்கும். இலை எல்லாம் வெளிவட்டத்தில். கீழே நின்று பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆனால் இந்த மரம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கிளை கழிக்கப்பட்டது என்று அரசரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பழைய ஆங்கிலப் பண்ணைகளில் மாடு எட்டாத உயரத்தில், ஆளுயரத்துக்கு மேலே, அடிமரத்தின் தலையை வெட்டிவிடுவார்கள். விறகும் வேலிக் கம்பும் அதில்தான் கிடைத்தன. வெட்டிய இடத்திலிருந்து குச்சிகள் கொத்தாகக் கிளம்பும். ஒடித்துவிட்ட முருங்கை எப்படித் தழைக்கிறதோ அப்படி. முதல் ஆண்டில் குச்சி மெலிது, ஆளைத் தாங்காது. பத்துப் பதினைந்து ஆண்டு விட்டால் கிளை நீண்டு நடுப்பகுதி திறந்துவிடும். மூன்று நான்கு ஆண்டு என்பது சரியான பதம்: தலைப்பகுதி புதராக அடர்ந்திருக்கும், வெட்டுப்பட்ட தலை உட்கார மேடைபோல இருக்கும். தவிர, ஓக் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாம் தடவையாகத் தளிர்விடும். செப்டம்பர் முதல் வாரத்தில் ஓர் இலையும் உதிர்ந்திருக்காது. நவம்பராக இருந்தால் இந்தப் பெயரே பிறந்திருக்காது.

சரி, பப் எப்படி உள்ளே வந்தது?

ஒன்பது ஆண்டு கழித்து. சார்லஸ் ஆறு வாரம் தலைமறைவாக அலைந்து, 1651 அக்டோபர் 15 அன்று ஷோரமில் ஒரு நிலக்கரிக் கப்பலேறிப் பிரான்சுக்குத் தப்பினார். கிராம்வெல் இறந்து, முடியாட்சி திரும்பி, 1660 மே 29 அன்று லண்டனுக்குள் நுழைந்தார். அன்று அவருக்கு 30ஆவது பிறந்தநாளும்கூட. அதுவரை வாய்விட்டுச் சொன்னால் தலை போகும் என்றிருந்த கதை அன்றிலிருந்து நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டே அச்சுப் புத்தகங்களாகவும் வந்துவிட்டது. உதவியவர்களுக்கு அரசர் ஓய்வூதியம் ஏற்படுத்தினார். பெண்டரல் வழித்தோன்றல்களுக்கு அதில் ஒரு பகுதி இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. கேர்லெஸுக்குக் குடும்பப் பெயரையே ‘கார்லோஸ்’ என்று மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தார். சார்லஸ் என்பதன் ஸ்பானிய வடிவம் அது. ‘கவனமற்றவர்’ என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு அரசரைக் காத்தவருக்குப் பொருத்தமான பரிசுதான்.

பப்காரர்களுக்குப் படம் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1393இலேயே, ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்பவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல் என்று இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் விதி வந்தது. எழுத்தறியாத வாடிக்கையாளருக்குப் படம்தான் முகவரி. மரம் வரைவது எளிது, தூரத்திலிருந்து அடையாளம் தெரியும், அரசரின் பக்கம் நிற்கிறோம் என்று ஆட்சிக்கும் தெரியும். பத்தாண்டு முன்பு எந்தப் பக்கம் இருந்தோம் என்று கேள்வி வராமல் இருக்க இதைவிட மலிவான வழி வேறு என்ன!

எங்கள் ஊர் ‘ராயல் ஓக்’ 1500களில் கட்டியது என்கிறார்களே?

கட்டடம் 1500களைச் சேர்ந்ததாக இருக்கலாம், பெயர் இருக்க முடியாது. 1660க்கு முன் இந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பழைய பெயர் ஒன்று புதைந்திருக்கும். தேட வேண்டியது அதைத்தான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘ராயல் ஓக்’ என்றாலே 1660களில் வைத்தது என்று நினைத்துவிடுவது. 1830இல் வந்த பீர் சட்டம், இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பண அலகு) கட்டினால் நீதிபதியிடம் போகாமலே வீட்டில் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் புதுக் கடைகள் முளைத்தன. அதற்குள் ‘ராயல் ஓக்’ என்பது யாரும் யோசிக்காமல் எடுத்து வைக்கும் பெயராகிவிட்டது. அத்தகைய பப்புக்குச் சார்லஸோடு உள்ள உறவு, பலகை எழுதியவரின் கைவசம் இருந்த மாதிரிப் படத்தோடு முடிந்தது.

பலகைப் படத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் தேதி சொல்ல முடியாது. மரப்பலகை வெயில் மழையில் நிற்பது. அவ்வப்போது மறுபடி தீட்டுவார்கள், பப்பை வைத்திருக்கும் பீர் ஆலை கைமாறினால் படமும் மாறும். இப்போது தொங்கும் படம் எதற்கும் சான்றல்ல. வகையை மட்டும் கவனிக்கலாம். ஓக் மரமும் மூன்று கிரீடமும் இருந்தால் அது கேர்லெஸுக்குக் கொடுத்த குலச்சின்னத்தின் சாயல். இலைகளுக்கு நடுவே அரசர் முகமும் கீழே குதிரை வீரர்களும் என்றால் கதைப்படம். பெரும்பாலும் சுருள்முடியும் மீசையுமாக, சில பலகைகளில் தலையில் கிரீடத்தோடே வரைந்திருப்பார்கள். ஒட்ட வெட்டிய முடியும் கரிபூசிய முகமுமாக வரைந்த ஓவியர் படித்துவிட்டு வரைந்தவர். போர்க்கப்பல் இருந்தால் கதை வேறு: மரத்தின் பெயரைக் கப்பலுக்கு வைத்து, கப்பலின் பெயரைப் பப்புக்கு வைத்திருக்கிறார்கள். துறைமுக ஊர்களில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெயரில் ஓக் வந்தாலே இந்தக் கதைதானா?

இல்லை. ‘ராயல்’ இல்லாத ஓக் பெயர்களில் உள்ளூர் மரத்தைத் தேடுங்கள். தெற்கு லண்டனின் ‘ஹானர் ஓக்’ முதலாம் எலிசபெத் அரசி 1602 மே நாளில் வந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் மரத்தின் பெயர். இப்போது நிற்பது 1905இல் நட்டது. வடக்கு லண்டனின் ‘காஸ்பெல் ஓக்’ திருச்சபை எல்லையைச் சுற்றிவரும் நாளில் நற்செய்தி வாசித்த எல்லை மரம். எசெக்ஸின் ஹெய்னால்ட் காட்டிலிருந்த ‘ஃபேர்லாப் ஓக்’ தன் நிழலில் ஆண்டுதோறும் சந்தை கூட்டிய மரம். அது 1820இல் சாய்ந்தது. அதன் கட்டையில் செய்த பிரசங்க மேடை லண்டன் செயின்ட் பான்க்ராஸ் புதிய தேவாலயத்துக்குப் போனது. ஷெர்வுட் காட்டின் ‘மேஜர் ஓக்’ பெரிய மரம் என்பதால் மேஜர் அல்ல. அதைப் பற்றி 1790இல் எழுதிய ஹேமன் ரூக் ஒரு ராணுவ மேஜர்.

குறிப்பிட்ட ஒரு பப்பின் பெயர் வரலாற்றை எப்படித் தேடுவது?

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1660இலிருந்து முன்னோக்கி வந்தால் ஊகம்தான் மிஞ்சும்.

முதலில் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த, ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வரிசையில் பப்கள் பெரும்பாலும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அடுத்து பிகாட், கெல்லி போன்ற வணிகக் கைப்புத்தகங்கள்: ஊர், கடைக்காரர் பெயர், பப் பெயர் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு மக்கள்தொகைக் கணக்கு. அதற்கு முன்னே 1836 சட்டப்படி, திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாக வரிக்காக வரைந்த வரைபடங்கள். மனையின் எண்ணை வைத்து உரிமையாளரையும் குடியிருப்பவரையும் பட்டியலில் பார்க்கலாம். இன்னும் பின்னே போக, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் 1753 முதல் 1828 வரையிலான உரிமப் பிணைப் பதிவேடுகள், அதாவது ஒழுங்காகக் கடை நடத்துவதாகப் பப்காரர்கள் எழுதிக்கொடுத்த பிணைகள். இவற்றில் ஆள் பெயர் இருக்கும், பப் பெயர் எல்லா மாவட்டத்திலும் இருக்காது. ஆள் பெயரைக் கைப்புத்தகத்தோடு பொருத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1648 முதல் 1672 வரை கடைக்காரர்கள் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகத் தாங்களே அடித்துக்கொண்ட செப்பு வில்லைகளிலும் கடை அடையாளம் இருக்கும். உங்கள் ஊர் வில்லை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இங்கே தவறு நேரும் இடங்கள் இரண்டு. உரிமம் ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு மாறும்போது பெயரும் கூடவே போகும். வரைபடத்தில் இடம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பத்தாண்டுக்கும் பாருங்கள். இரண்டாவது, ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று ‘ராயல் ஓக்’ இருக்கும். எந்தத் திருச்சபைப் பகுதி (பாரிஷ்) என்று குறிக்காமல் எடுத்த குறிப்பு பிறகு எதற்கும் உதவாது.

வாசலில் நிற்கும் ஓக்கின் வயதை எப்படி மதிப்பிடுவது?

தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் சுற்றளவை எடுங்கள். அந்த உயரத்தில் முண்டோ கிளையோ இருந்தால் அதற்குக் கீழே மிக ஒடுங்கிய இடத்தில் எடுத்து, எடுத்த உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்த வெளி மரம் ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. பருக்கும், நெருக்கமான காட்டில் ஏறக்குறைய அதில் பாதி என்பது பழைய வாய்பாடு. 4 மீட்டர் என்றால் 160 ஆண்டு. ஆனால் முதிர்ந்த மரத்தின் வளர்ச்சி மந்தமாகிவிடும். தலை வெட்டி வளர்த்த மரம் இன்னும் மந்தம். ஆகவே 5, 6 மீட்டரைத் தாண்டிய மரங்களுக்கு இந்த வாய்பாடு வயதைக் குறைத்தே காட்டும். நடுவில் பொந்து விழுந்த மரத்தில் வளையம் எண்ணும் வழியும் இல்லை.

‘சார்லஸ் இங்கே தங்கினார்’ என்ற பலகையை நம்பலாமா?

தேதியும் திசையும் பொருந்தினால் மட்டும். சார்லஸின் இந்த ஓட்டம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. 1680 அக்டோபரில் நியூமார்க்கெட்டில் சார்லஸே சொல்லச் சொல்ல, நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எடுத்தார். பாஸ்கோபெலிலிருந்து மோஸ்லி, பென்ட்லி. அங்கிருந்து ஜேன் லேன் என்ற பெண்ணின் வேலைக்காரராக பிரிஸ்டல் பக்கத்து அபட்ஸ் லீ. பிறகு டிரென்ட், சார்மத், பிரிட்போர்ட், மறுபடி டிரென்ட், சாலிஸ்பரி அருகே ஹீல், கடைசியில் பிரைட்டன், ஷோரம். இந்தத் தடத்தையே 625 மைல் நடைபாதையாக ‘மோனார்க்ஸ் வே’ என்ற பெயரில் குறித்திருக்கிறார்கள். நார்ஃபோக்கிலோ யார்க்ஷயரிலோ உள்ள பப் இந்த உரிமை கொண்டாடினால் சிரித்துவிட்டுப் பீரைக் குடிக்கலாம்.

மே 29 அன்று ஓக் இலை குத்திக்கொள்வது ஏன்?

முடியாட்சி திரும்பிய நாளைச் சட்டப்படி நன்றி நாளாக்கினார்கள். ‘ஓக் ஆப்பிள் டே’ என்பது மக்கள் வைத்த பெயர். இலை குத்தாமல் வந்த பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் காஞ்சொறிச் செடியால் விளாசுவார்கள். அரசு விழா 1859இல் நீக்கப்பட்டது. வில்ட்ஷயரின் கிரேட் விஷ்ஃபர்டில் இன்றும் அன்று விடியலில் காட்டுக்குப் போய்க் கிளை வெட்டி வருகிறார்கள். அது விறகு உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருக்கும் வழி. டார்பிஷயரின் காசில்டனில் பூக்கூடு போர்த்திய ‘அரசர்’ குதிரையில் வருவார்.

‘ஓக் ஆப்பிள்’ பழமல்ல. ஒரு சிறு குளவி மொட்டில் முட்டையிடுவதால் உண்டாகும் பஞ்சுபோன்ற வீக்கம். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயும் இதே முறையில் ஓக் மரத்தில் உண்டாவதுதான். அந்த ஓக்கும் குளவியும் வேறு இனம், காயும் கெட்டி.

அந்த மூல மரம் இப்போது இருக்கிறதா?

இல்லை. பகைவர் கண்ணுக்குத் தப்பிய மரத்தை அன்பர்கள் தீர்த்துவிட்டார்கள். 1660க்குப் பிறகு வந்தவர்களெல்லாம் நினைவுப் பொருளுக்காகக் கிளை கிளையாக வெட்டிக்கொண்டு போனார்கள். சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பியும் பயனில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து பார்த்தவர்கள், மரம் ஏறக்குறைய வெட்டித் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் அதன் விதையிலிருந்து ஒரு கன்று வளர்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது நிற்பதை ‘ராயல் ஓக்கின் மகன்’ என்கிறார்கள். 2000இல் புயலில் பல கிளைகளை இழந்தது. 2010இல் ஆபத்தான வெடிப்புகள் தெரிந்ததால் 2011 முதல் வெளிவேலி போட்டிருக்கிறார்கள். அடிமரத்தைத் தொடலாம் என்று நினைத்துப் போக வேண்டாம். 2001இல் அதன் விதைக்கன்று ஒன்றை, அப்போது இளவரசராக இருந்த இன்றைய அரசர் மூன்றாம் சார்லஸ் அருகில் நட்டார். வீடும் மரமும் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில். எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தப் பெயர் பப்பைத் தாண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது?

பிரிட்டிஷ் கடற்படையில் எட்டுக் கப்பல்கள். முதலாவது 1664இல் கட்டியது, 1667இல் மெட்வே ஆற்றில் டச்சுக்காரர்கள் கொளுத்தினார்கள். கடைசியை 1939 அக்டோபர் 14 அன்று ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் ராயல் ஓக் என்ற ஊர் இருக்கிறது. வானியலாளர் எட்மண்ட் ஹேலி 1679இல் தென்வானத்தில் ‘சார்லஸின் ஓக்’ என்று ஒரு விண்மீன் கூட்டமே அமைத்தார்; மற்ற வானியலாளர்கள் நாளடைவில் அதைக் கைவிட்டார்கள். லண்டனில் 1871இல் திறந்த ராயல் ஓக் ரயில் நிலையம் பக்கத்திலிருந்த பப்பிலிருந்து பெயர் எடுத்தது.

பப்புக்குப் பெயருக்கேற்ற மரம் இல்லை. நட முடியுமா?

அக்டோபரில் புதிதாக விழுந்த ஓக் கொட்டைகளைப் பொறுக்கி நீரில் போடுங்கள். மிதப்பவை சொத்தை, எறிந்துவிடலாம். மூழ்கியவற்றை உலர விடாமல் அப்போதே விதைக்க வேண்டும். ஓக் கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும்; வசந்தத்தில் விதைக்கலாம் என்று அலமாரியில் வைத்தவர்களுக்கு ஒன்றும் முளைக்காது. முதலில் இறங்குவது ஆணிவேர் என்பதால் தொட்டி 20 செ.மீ.க்குக் குறையாத ஆழம் வேண்டும். 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில், கொட்டையைப் படுக்க வைத்து ஊன்றுங்கள். எலியும் அணிலும் ஒரே இரவில் தோண்டித் தின்னும்; மேலே கம்பிவலை போட்டே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுக் கன்றைக் குளிர்காலத்தில், இலையில்லாத போது, நிலத்துக்கு மாற்றி முயல், மான் கடிக்காதபடி கூடு கட்டுங்கள்.

கட்டடத்திலிருந்து 20 மீட்டராவது தள்ளி நடுங்கள். களிமண் நிலமானால் இன்னும் தள்ளி. ஓக் கோடையில் மண்ணிலிருந்து நீரை இழுக்கும், களிமண் சுருங்கும், அடித்தளம் இறங்கிச் சுவர் வெடிக்கும். பப் வாசலை ஒட்டி நட்ட ஓக்கை நாற்பது ஐம்பது ஆண்டில் வெட்ட நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.